டிபிடி சேர்க்கை: தகுதிப் பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

தமிழ்நாட்டில் பிபிடி என்ற இளநிலை பிசியோதெரபி படிப்பில் சேர பிளஸ் டூ மதிப்பெண், தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு என்று ஒரு பொதுப் பாதை இருந்துவந்தது. அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்ட் ஆக வேண்டிய டிபிடி முனைவர் பட்டத்துக்கு அப்படி ஒரு பொதுப் பட்டியல் கிடையாது. அங்கீகாரம் பெற்ற 300-க்கும் மேற்பட்ட பள்ளிகள் (பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் இந்தப் பட்டத்தை நடத்தும் துறைகள்) இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் விதியைத் தானே எழுதிக்கொள்கிறது. விண்ணப்பம் மட்டும் பெரும்பாலும் ஒரே வாசல் வழியாகப் போகிறது. பிடிகாஸ் என்ற பொது விண்ணப்ப இணையதளம்தான் அந்த வாசல். மாணவர்கள் பள்ளியின் இணையப் பக்கத்தில் 'குறைந்தபட்ச ஜிபிஏ 3.0' (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) என்ற வரியைப் பார்த்துத் தாங்கள் தகுதியானவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த வரி சொல்வது, அதற்குக் கீழே இருந்தால் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்க மாட்டோம் என்பதை மட்டுமே. யார் உள்ளே போகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பவை வேறு கணக்குகள்.

முதலில் இந்தப் பட்டம் ஏன் இவ்வளவு கேட்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இளநிலைப் பட்டம் முடித்தவர்கள் பிசியோதெரபிஸ்ட் ஆனார்கள். அங்கீகாரம் வழங்கும் கேப்டி என்ற ஆணையம் 2002-க்குப் பிறகு இளநிலைப் படிப்புகளை அங்கீகரிப்பதை நிறுத்தியது. நெப்ராஸ்காவின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் 1993-லேயே முதல் டிபிடி படிப்பைத் தொடங்கியிருந்தது. 2016 ஜனவரி முதல், தொழிலில் நுழைவதற்கான படிப்பு எல்லாப் பள்ளிகளிலும் டிபிடியாகவே இருக்க வேண்டும் என்றானது. இன்று 50 மாநிலங்களிலும் ஏதோ ஓர் அளவில், மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு இல்லாமலே நோயாளி நேராக பிசியோதெரபிஸ்டிடம் வரலாம். முதுகுவலி என்று வருகிறவருக்கு இருப்பது தசைப்பிடிப்பா, முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோயா என்று முதலில் சந்தேகப்பட வேண்டியவர் அவர்தான். சேர்க்கைக்கு முன்பே வேதியியலும் புள்ளியியலும் கேட்பதற்கு இதுதான் பின்னணி.

படிப்பு வழக்கமாக 3 ஆண்டுகள். கேப்டி விதிப்படி குறைந்தது 6 பருவங்கள், 90 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு). அதற்குள் 30 வாரங்களாவது முழுநேர மருத்துவமனைப் பயிற்சி. இதில் சேர முன்பே ஓர் இளநிலைப் பட்டம் வேண்டும். எந்தத் துறையில் என்பது பொருட்டல்ல. இசை படித்தவரும் சேரலாம், கணக்குப் பதிவியல் படித்தவரும் சேரலாம். முன்தேவைப் பாடங்களை முடித்திருந்தால் போதும். உயர்நிலைப் பள்ளியிலிருந்தே நேரடியாக எடுக்கும் 6 ஆண்டுப் படிப்புகளும் சில இடங்களில் உண்டு. பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன், நியூயார்க்கின் இத்தாக்கா கல்லூரி ஆகியவை அந்த வழிக்குப் பெயர்போனவை. அங்கே இடம் உறுதி என்றாலும் ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட ஜிபிஏவைத் தக்கவைக்க வேண்டும். 18 வயதில் தொழிலை முடிவு செய்துவிட்ட பிள்ளைகளுக்கு மட்டுமே அது நல்ல வழி.

முன்தேவைப் பாடங்கள்: இடறும் இடம் இதுதான்

பெரும்பாலான பள்ளிகள் கேட்பது ஏறத்தாழ ஒன்றுதான். ஆய்வகத்தோடு கூடிய உயிரியல் இரண்டு பாடங்கள், பொது வேதியியல் இரண்டு, இயற்பியல் இரண்டு, மனித உடற்கூறும் உடலியங்கியலும் சேர்ந்து இரண்டு, புள்ளியியல் ஒன்று, உளவியல் ஒன்று அல்லது இரண்டு. ஆய்வகப் பாடம் ஒவ்வொன்றும் வழக்கமாக 4 கிரெடிட். ஆக மொத்தம் 38 முதல் 42 கிரெடிட் வரும். இளநிலைப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் மூன்றில் ஒரு பங்கு. இதற்கு மேல் உடற்பயிற்சி உடலியங்கியல், உயிரி இயக்கவியல், கல்விசார் எழுத்து, மருத்துவச் சொல்லியல் என்று சில பள்ளிகள் சேர்த்துக்கொள்ளும்.

பாடத்தின் பெயர் பொருந்திவிட்டால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. உயிரியல் என்ற தலைப்பில் தாவரவியலோ சூழலியலோ எடுத்திருந்தால் பல பள்ளிகள் ஏற்காது. இயற்பியலில் நுண்கணிதம் சார்ந்ததும் சரி, இயற்கணிதம் சார்ந்ததும் சரி, இரண்டும் செல்லும். ஆனால் கணக்கே இல்லாமல் கருத்துகளை மட்டும் சொல்லித்தரும் பொது அறிமுகப் பாடம் செல்லாது. நெம்புகோல், திருப்புவிசை, அலை, மின்னோட்டம் ஆகியவற்றைக் கணக்காகப் போட்டுப் பழகாதவர், மூட்டின் மேல் விழும் விசையையும் அல்ட்ராசவுண்ட் கருவியையும் படிக்கும்போது திணறுவார்.

உடற்கூறு பாடத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. சில கல்லூரிகளில் உடற்கூறும் உடலியங்கியலும் கலந்து முதல் பகுதி, இரண்டாம் பகுதி என்று இரண்டு பருவங்களுக்கு நடக்கும். வேறு சில கல்லூரிகளில் உடற்கூறு தனி, உடலியங்கியல் தனி. ஒரு கல்லூரியில் கலவைப் பாடத்தின் முதல் பகுதியை முடித்துவிட்டு, கோடை விடுமுறையில் இன்னொரு கல்லூரியில் உடலியங்கியலை மட்டும் எடுத்தால், இரண்டும் ஒன்றுசேராது. எலும்பும் தசையும் ஒன்றில் வந்திருக்கும். இதயம், சிறுநீரகம், நாளமில்லாச் சுரப்பிகள் ஆகியவற்றின் உடற்கூறு எங்குமே வந்திருக்காது. சேர்க்கை அலுவலகம் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கும்போதுதான் ஓட்டை தெரியும். தொடங்கிய கல்லூரியிலேயே இரண்டையும் முடிப்பதுதான் பாதுகாப்பு.

மதிப்பெண்ணில் ('ஏ' என்றால் 4 புள்ளி, 'பி' 3, 'சி' 2, 'டி' 1) 'சி' போதும் என்பவை உண்டு, 'பி மைனஸ்' வேண்டும் என்பவை உண்டு. காலாவதி விதியும் இருக்கிறது: அறிவியல் பாடங்கள் கடந்த 5 முதல் 10 ஆண்டுகளுக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்று பல பள்ளிகள் கேட்கின்றன. வேறு வேலையிலிருந்து 30 வயதுக்கு மேல் இந்தப் பக்கம் திரும்புகிறவர்களை இது நேராகத் தாக்கும். ஆன்லைன் ஆய்வகத்தை ஏற்கும் பள்ளியும் உண்டு, ஏற்காத பள்ளியும் உண்டு. சமூகக் கல்லூரியில் (உள்ளூர் ஈராண்டுக் கல்லூரி) எடுத்த பாடங்களைப் பெரும்பாலானவை ஏற்கின்றன, செலவும் குறைவு. ஆனால் எல்லாக் கடினப் பாடங்களையும் அங்கே எடுத்து, பல்கலைக்கழகத்தில் எளிய பாடங்களை மட்டும் எடுத்திருந்தால் தேர்வுக்குழு அதைக் கவனிக்கும். உயர்நிலைப் பள்ளியில் எழுதிய, கல்லூரி அளவிலான ஏபி தேர்வின் மதிப்பெண்ணை முன்தேவையாக எடுத்துக்கொள்வதும் பள்ளிக்குப் பள்ளி மாறும். உளவியலுக்கும் புள்ளியியலுக்கும் இடம் தருகிறவர்கள்கூட வேதியியலுக்குத் தயங்குவார்கள்.

இத்தனை வேறுபாட்டையும் மனதில் வைத்திருக்க முடியாது. விண்ணப்பிக்க நினைக்கும் 8 அல்லது 10 பள்ளிகளை வரிசையாகவும் பாடங்களைக் குறுக்காகவும் போட்டு ஓர் அட்டவணை தயாரித்து, கிரெடிட், ஆய்வகம், குறைந்தபட்ச மதிப்பெண், காலாவதி ஆண்டு ஆகிய நான்கையும் நிரப்ப வேண்டும். சந்தேகம் உள்ள பாடத்துக்கு அதன் பாடத்திட்டத்தை இணைத்து சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைச் சேமித்து வைக்க வேண்டும். தொலைபேசியில் ஒருவர் 'சரிதான்' என்று சொன்னதற்கு மதிப்பு கிடையாது.

பிடிகாஸ் போடும் ஜிபிஏ உங்கள் கல்லூரி போடும் ஜிபிஏ அல்ல

பல கல்லூரிகளில் ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய மதிப்பெண் கணக்கிலிருந்து நீங்கிவிடும். பிடிகாஸ் அப்படிச் செய்வதில்லை. எத்தனை முறை எடுத்தாலும் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போடும். 4 கிரெடிட் இயற்பியலில் முதலில் 'டி' வாங்கியவர் மறுமுறை 'ஏ' வாங்கினால், கல்லூரியின் சான்றிதழில் 4.0 நிற்கும். பிடிகாஸ் கணக்கில் 8 கிரெடிட்டுக்கு 20 புள்ளி, அதாவது 2.5. சில பள்ளிகள் தங்கள் அளவில் உயர்ந்த மதிப்பெண்ணை மட்டும் எடுத்து மறுகணக்குப் போடும். அப்படிப்பட்ட பள்ளிகளைத் தேடிக் கண்டுபிடிப்பது, ஒன்றிரண்டு பாடங்களில் சறுக்கியவருக்கு மிகவும் பயன்படும் வேலை.

அதேபோல மொத்த ஜிபிஏவை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. எல்லாப் பாடத்திலும் 'ஏ' வாங்கிய ஒருவர் ஒரு 4 கிரெடிட் வேதியியலில் மட்டும் 'சி' வாங்கியதாக வைத்துக்கொள்வோம். 120 கிரெடிட்டில் அது மொத்தத்தை 3.93-க்கு இறக்கும். 40 கிரெடிட் முன்தேவைப் பாடங்களில் அதே 'சி' 3.80-க்கு இறக்கும். தேர்வுக்குழு மொத்தம், அறிவியல், முன்தேவை என்று தனித்தனியாகப் பார்க்கிறது. சில இடங்களில் கடைசி 60 கிரெடிட்டையும் தனியாகப் பார்க்கிறார்கள். முதலாண்டில் தடுமாறி பிறகு எழுந்தவர் இந்தக் கடைசி வகைப் பள்ளிகளைத் தேடிப்போவது நல்லது. இடம் கிடைப்பவர்களின் சராசரி பொதுவாக 3.5-ஐ ஒட்டியே இருக்கிறது, 3.0 என்ற எல்லைக்கோட்டில் நிற்பவர் அதை ஈடுகட்ட வேறு எதையாவது வலுவாகக் காட்டியாக வேண்டும்.

ஜிஆர்ஈ என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வை இப்போது ஏராளமான பள்ளிகள் கைவிட்டுவிட்டன. கேட்கும் பள்ளிகளும் இருக்கின்றன. 2023 செப்டம்பரிலிருந்து அந்தத் தேர்வு 2 மணி நேரத்துக்குள் முடியும்படி சுருக்கப்பட்டது. மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும். 'விருப்பம் இருந்தால் அனுப்பலாம்' என்று சொல்லும் பள்ளிக்கு, ஜிபிஏவை விட மேலான படத்தைக் காட்டும் மதிப்பெண்ணாக இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

விண்ணப்பம் எங்கே சிக்கிக்கொள்கிறது

பிடிகாஸ் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் திறக்கும். அடுத்த ஆண்டு கோடையிலோ ஆகஸ்டிலோ தொடங்கும் வகுப்புக்கான விண்ணப்பம் அது. பல பள்ளிகளின் கடைசி நாள் அக்டோபரில் வந்துவிடும். சில அடுத்த ஆண்டு வரை நீளும். விண்ணப்பங்கள் வர வர இடம் கொடுத்துக்கொண்டே போகும் பள்ளிகளில் கடைசி நாளுக்கு அர்த்தம் குறைவு. அங்கே அக்டோபர் விண்ணப்பம், பாதி நிரம்பிய வகுப்புக்குப் போட்டியிடுகிறது.

சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்தியதோடு வேலை முடிவதில்லை. படித்த எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் மதிப்பெண் சான்றிதழ் நேரடியாக பிடிகாஸுக்குப் போக வேண்டும். மாணவர் கையால் அனுப்புவது செல்லாது. எல்லாக் கல்லூரிகள் என்றால் எல்லாமேதான். உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது சமூகக் கல்லூரியில் எடுத்த இரட்டைப் பதிவுப் பாடம், ஒரு கோடையில் எடுத்த ஒற்றைப் பாடம், பாதியில் விட்டது, எல்லாம் அடங்கும். அந்தக் கிரெடிட் பல்கலைக்கழகச் சான்றிதழில் மாற்றுக் கிரெடிட்டாகத் தெரிந்தாலும் மூலச் சான்றிதழ் தனியாக வேண்டும். விண்ணப்பங்கள் கிடப்பில் விழுவதற்கு அடிக்கடி நேரும் காரணம் இந்த மறந்துபோன கல்லூரிதான்.

மாணவர் தன் பாடங்களை ஒவ்வொன்றாகச் சான்றிதழில் உள்ள அதே பெயர், அதே குறியீடு, அதே கிரெடிட்டோடு தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு பிடிகாஸ் ஊழியர்கள் இரண்டையும் ஒப்பிடுவார்கள். பிழைகள் அதிகமிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருத்தி அனுப்பினால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். காலாண்டு முறையில் இயங்கும் கல்லூரியில் படித்தவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ளலாம்: ஒரு காலாண்டுக் கிரெடிட் பருவக் கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்குதான். 5 காலாண்டுக் கிரெடிட் வேதியியல் 3.33 ஆகச் சுருங்கும். 8 பருவக் கிரெடிட் கேட்கும் பள்ளிக்கு இப்படி இரண்டு பாடங்கள் போதாது, மூன்று வேண்டும்.

கடைசி நாளுக்கும் இரண்டு விதப் பொருள் உண்டு. சில பள்ளிகள் சமர்ப்பித்த நாளைப் பார்க்கும். சில, சான்றிதழும் பரிந்துரையும் வந்து சரிபார்ப்பு முடிந்த நாளைப் பார்க்கும். இரண்டாவது வகையில் சரிபார்ப்புக்கு மட்டுமே சில வாரங்கள் ஒதுக்கி வைக்க வேண்டும்.

கவனிப்பு மணிநேரம், பரிந்துரை, கட்டுரை

உரிமம் பெற்ற பிசியோதெரபிஸ்ட் வேலை செய்வதை அருகிலிருந்து பார்த்த மணிநேரக் கணக்கைப் பல பள்ளிகள் கேட்கின்றன. ஒன்றும் வேண்டாம் என்பதிலிருந்து 100, 200 மணி நேரம் வரை வேறுபடும். கூலிக்கு உதவியாளராக வேலை பார்த்த நேரமும் வழக்கமாகச் சேரும். எண்ணிக்கையை விட வகைதான் முக்கியம். 300 மணி நேரத்தையும் ஒரே விளையாட்டுக் காய கிளினிக்கில் கழித்தவரை விட, மருத்துவமனை வார்டு, பக்கவாத மறுவாழ்வு, குழந்தைகள் பிரிவு என்று மூன்று இடங்களில் தலா 30 மணி நேரம் பார்த்தவருக்கு இந்தத் தொழில் என்ன என்பது கூடுதலாகத் தெரிந்திருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களோடு கிடக்கும் நோயாளியை எழுப்பி உட்கார வைப்பதைப் பார்த்த பிறகு இந்தத் தொழிலே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. பள்ளிகளைப் பொறுத்தவரை அந்த முடிவு சேர்வதற்கு முன்பே வருவது நல்லது.

இங்கே கெடுவது பெரும்பாலும் கையெழுத்து. மேற்பார்வை செய்தவர் உரிமம் பெற்ற பிசியோதெரபிஸ்டாகவே இருக்க வேண்டும்; உதவிப் பணியாளரோ விளையாட்டுப் பயிற்சியாளரோ போட்ட கையெழுத்தைப் பல இடங்களில் எண்ண மாட்டார்கள். அவர் வேலை மாறிப் போய்விட்டால் ஓராண்டுக்கு முந்தைய நேரத்தை யாரும் உறுதிசெய்ய முடியாது. ஒவ்வோர் இடத்திலும் முடித்த அன்றே தேதி, நேரம், உரிம எண்ணோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். மின்னஞ்சல் வழி உறுதிசெய்தல் என்றால், மருத்துவமனையின் மின்னஞ்சல் வடிகட்டி அதை விழுங்கிவிடக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பரிந்துரைக் கடிதம் வழக்கமாக 2 அல்லது 3. ஒன்று பிசியோதெரபிஸ்டிடமிருந்து, ஒன்று அறிவியல் பேராசிரியரிடமிருந்து என்று குறிப்பிட்டுக் கேட்பார்கள். உறவினர் தரக்கூடாது, குடும்ப நண்பரான மருத்துவர் தருவதும் எடுபடாது. இது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது, சித்தப்பாவின் நண்பர் பெரிய டாக்டர் என்று. பெரிய பெயரை விட, மாணவரை ஆய்வகத்தில் வாரந்தோறும் பார்த்த விரிவுரையாளரின் கடிதத்துக்கு எடை அதிகம். கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதியவர் மனம் திறந்து எழுதவில்லை என்ற ஐயம் வரும். வந்து சேர்ந்த கடிதத்தை மாற்ற முடியாது.

கட்டுரைக்கு இடைவெளி உட்பட 4,500 எழுத்துதான் இடம். விளையாடியபோது முழங்கால் அடிபட்டது, பிசியோதெரபி குணமாக்கியது, அதனால் இந்தத் தொழில் என்ற கதையை தேர்வுக்குழுவினர் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கில் படிக்கிறார்கள். கவனிப்பு நேரத்தில் ஒரு சிகிச்சை ஏன் மாற்றப்பட்டது என்பதைக் கவனித்து எழுதுகிற மூன்று வரிகள் அதைவிடப் பேசும். நேர்காணலிலும் அதே நிலைமைதான்: குழுவாக ஒரு சிக்கலைக் கொடுத்து, யார் மற்றவர் பேச இடம் கொடுக்கிறார் என்று பார்ப்பார்கள்.

இடம் கிடைத்த பிறகு பின்னணிச் சோதனை, தடுப்பூசிச் சான்று, போதைப்பொருள் சோதனை, உயிர்காக்கும் முதலுதவிச் சான்றிதழ் ஆகியவை வரும். இடத்தை உறுதிசெய்யக் கட்டும் முன்பணம் பெரும்பாலும் திரும்பி வராது. பணத்தைக் கட்டுவதற்கு முன் அந்தப் பள்ளியின் அங்கீகார நிலையைக் கேப்டியின் தளத்தில் பாருங்கள். புதிய பள்ளிகள் 'அங்கீகாரத்துக்கான வேட்பாளர்' நிலையில் மாணவர்களைச் சேர்க்கலாம். முழு அங்கீகாரம் வருவதற்கு அது உத்தரவாதம் அல்ல. அது வராமல் போனால் உரிமத் தேர்வான என்பிடிஇ எழுதும் வழி அடைபடும். செலவுக் கணக்கும் மாறியிருக்கிறது. தனியார் பள்ளிகளில் கல்விக் கட்டணம் மட்டும் 1,00,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். 2025-ல் நிறைவேறிய சட்டப்படி, 2026 ஜூலை முதல் புதிய மாணவர்களுக்குக் கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது.

பிபிடி முடித்தவர்களுக்கு

சென்னையிலோ கோவையிலோ பிபிடி முடித்துவிட்டு டிபிடி பற்றி விசாரிப்பவர்கள் முதலில் இரண்டு படிப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்னது தொழிலில் நுழைவதற்கான டிபிடி. அதில் சேர்ந்தால் ஏற்கெனவே படித்ததையே 3 ஆண்டுகள் முழுக் கட்டணம் கட்டித் திரும்பப் படிப்பதாகும். அதோடு, பிளஸ் டூவில் படித்த இயற்பியலும் வேதியியலும் அங்கே கல்லூரிப் பாடமாக எண்ணப்படாது. பிபிடியில் உடற்கூறும் உடலியங்கியலும் நிறைய இருக்கும். ஆய்வகத்தோடு கூடிய பொது வேதியியல் இரண்டு, இயற்பியல் இரண்டு என்று 16 கிரெடிட் குறையும். அவற்றை அமெரிக்கக் கல்லூரியில்தான் எடுக்க வேண்டும் என்று சில பள்ளிகள் வலியுறுத்துகின்றன. மதிப்பெண் சதவீதத்தை 25-ஆல் வகுத்து ஜிபிஏ என்று எழுதுவதும் கூடாது; பாடவாரியான மதிப்பீட்டு அறிக்கை வாங்க வேண்டும்.

இன்னொரு வழி இருக்கிறது. பிபிடி பட்டத்தை, வெளிநாட்டு பிசியோதெரபி பட்டங்களை மதிப்பிடும் எஃப்சிசிபிடி போன்ற அமைப்பிடம் கொடுத்து அமெரிக்கப் பட்டத்துக்கு இணையா என்று மதிப்பிடச் செய்து, குறையும் பாடங்களை மட்டும் நிரப்பி, மாநிலம் கேட்கும் ஆங்கிலத் தேர்வை முடித்து, என்பிடிஇ எழுதுவது. குறையாக அடிக்கடி சுட்டப்படுபவை நோய்நிலைகளை வேறுபடுத்தி அறிதல், மருந்தியல், ஸ்கேன் படங்களைப் புரிந்துகொள்ளுதல் போன்றவை. இவற்றை நிரப்பத்தான் பலர், ஏற்கெனவே பிசியோதெரபி முடித்தவர்களுக்கான டிடிபிடி எனப்படும் இடைநிலை முனைவர் படிப்பில் சேர்கிறார்கள். ஆனால் கேப்டி டிடிபிடி படிப்பை அங்கீகரிப்பதில்லை. அந்தப் பட்டம் தனியாக உரிமம் தராது. பாட ஓட்டையை அடைப்பதற்கு மட்டுமே உதவும். உரிமம் உள்ளவர்களை மட்டுமே சேர்க்கும் டிடிபிடி படிப்புகளும் இருப்பதால் கட்டணம் கட்டும் முன் அதைக் கேட்டுவிட வேண்டும். என்பிடிஇ தேர்வில் தேறுவதற்கு 800-க்கு 600 வேண்டும். வாழ்நாளில் 6 முறைக்கு மேல் எழுத முடியாது.

மதிப்பீட்டுக்குப் பாடவாரியான மணிநேரம், பாடத்திட்டம், மருத்துவமனைப் பயிற்சி நேரம் ஆகியவை கல்லூரி முத்திரையோடு கல்லூரியிலிருந்தே போக வேண்டும். பட்டம் வாங்கி 8 ஆண்டுகள் கழித்து, பாடத்திட்டம் இரண்டு முறை மாறிய பிறகு, தான் படித்த ஆண்டின் நகலைத் தேடி அலைவது பெரும்பாடு. இறுதியாண்டு முடிந்து பயிற்சிக் காலத்தில் இருக்கும்போதே பல்கலைக்கழகம் அந்த ஆண்டு வெளியிட்ட பாடத்திட்டத்தின் முழுப் பிரதியையும், பிரிவு வாரியாக நேரம் எழுதிய பயிற்சிச் சான்றையும் வாங்கி வைத்துக்கொள்வதற்குச் செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது.